அப்பா நினைவாக 5 லட்சம்: டிரஸ்ட் கணக்கில் நான் முதலில் தேடும் வரி

கேள்வி இதுதான்: "மதுரைப் பக்கம் பள்ளி, கல்லூரி என்று ஏழெட்டு நிறுவனங்கள் நடத்தும் பெரிய கல்வி டிரஸ்டுக்கு அப்பா நினைவாக 5 லட்சம் கொடுக்க நினைக்கிறேன். கட்டடங்கள் பிரமாதம். ஆனால் ஆசிரியர்களுக்குச் சம்பளம் தள்ளிப்போகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். டிரஸ்ட் நல்ல நிலையில்தான் இருக்கிறதா என்று வெளியாள் எப்படித் தெரிந்துகொள்வது?"

மேலமாசி வீதியில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் பதினோரு வருடம் குப்பை கொட்டியவன் நான். அரிசி மண்டி, ஜவுளிக்கடைக் கணக்கையெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள், டிரஸ்ட் ஃபைல் என் தலையில் விழும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிக் கழிவு கிடைக்க டிரஸ்ட் வாங்கிவைக்கும் சான்று) இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். அது ரேஷன் கார்டு மாதிரி. கார்டு இருப்பதால் வீட்டில் அரிசி இருக்கிறது என்று ஆகிவிடாது. (பழைய வரி முறையில் இருந்தால் பெரும்பாலும் பாதித் தொகைக்குக் கழிவு கிடைக்கும், அதற்கும் ஒரு வரம்பு உண்டு. புதிய முறையில் கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் எந்த முறையிலும் கிடையாது.)

உபரியா பற்றாக்குறையா என்று பார்த்தும் பெரிய பலன் இல்லை. வருமானத்தில் 85% தொகையைத் தன் நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும், 15% வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் சேர்த்துவைக்க வேண்டுமானால் காரணம் எழுதிப் படிவம் கொடுக்க வேண்டும் என்பது வரி விதி. கட்டடம் கட்டினாலும் அந்த 85 கணக்கில் சேரும். கொடுக்கிறவர்களுக்கும் வாசலில் தங்கள் பெயர் பொறித்த கல் வேண்டும், "ஜனவரி மாதச் சம்பளத்துக்கு என் பங்கு" என்று யாரும் செக் எழுதியதை நான் பார்த்ததில்லை. ஆக, கட்டடம் பளபளக்கும்போதே சம்பளம் தள்ளிப்போவதில் அதிசயம் ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே டிரஸ்டில் சகஜமாக நடக்கும்.

அப்போது எதைப் பார்ப்பது? நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு டிரஸ்ட், பெயர் வேண்டாம். ஏப்ரல் மாதம். மேசை விசிறி வவுச்சரையெல்லாம் பறக்கடிக்கும், அதனால் கட்டுக்கு ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தோம். பேலன்ஸ் ஷீட்டின் இடது பக்கத்தில் "நினைவு எண்டோமென்ட் நிதி" என்று 38 லட்சம். முதலைத் தொடாமல் வட்டியில் மட்டும் பரிசு, உதவித்தொகை கொடுக்கச் சொல்லி வாங்கிய பணம் அது. வலது பக்கத்தில் அதற்கு நேரான வைப்புத்தொகையைத் தேடினால் 11 லட்சம்தான் இருக்கிறது. ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அந்தப் பதினொன்றிலும் எட்டு லட்சத்தை பேங்க் லீன் போட்டுப் பிடித்துவைத்திருக்கிறது, டிரஸ்ட் வாங்கிய ஓவர் டிராஃப்ட் கடனுக்கு ஈடு.

பணத்தை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஜூனில் பீஸ் வந்து குவியும், ஜனவரி, பிப்ரவரியில் கை வறண்டுவிடும். கல்வி உரிமைச் சட்டப்படி 25% இடத்தில் சேர்ந்த பிள்ளைகளுக்காக அரசு தர வேண்டிய பணம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சம்பளத் தேதி மட்டும் வந்துவிடும். பொருளாளர் ஒரு எஃப்.டி.யை உடைப்பார், "மார்ச்சில் திருப்பி வைத்துவிடலாம்" என்பார். எந்த மார்ச் என்று அவர் சொல்லவில்லை.

அங்கே கணக்கர் ஒரு பெரியவர். நாங்கள் கேட்காமலே பீரோவிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து வைத்தார். பக்கத்துக்கு ஒரு எண்டோமென்ட். "தகப்பனார் நினைவாக, ரூ. 25,000, பத்தாம் வகுப்புக் கணக்கில் முதல் மதிப்பெண்ணுக்கு" என்று அவர் கையெழுத்தில் இருந்தது. கீழே ஆண்டுவாரியாகப் பரிசு வாங்கிய பிள்ளைகளின் பெயர்கள். நான்கு வருடமாக எல்லாப் பக்கமும் காலி. "வட்டியே இல்லையே தம்பி, எதை எடுத்துக் கொடுக்க?" என்றார். வட்டி இல்லை, சரி. முதலே இல்லை என்பதை அவர் வாயால் சொல்ல மனசு வரவில்லை.

ஆகவே டிரஸ்டிடம் உங்களைக் கேட்கச் சொல்வது இதைத்தான். குறிப்பிட்ட நோக்கத்துக்கு என்று வாங்கிய நிதி மொத்தம் எவ்வளவு, அதற்கு ஈடாக அடமானம் இல்லாத வைப்புத்தொகை எவ்வளவு? இரண்டும் ஒத்துப்போனால் அந்த வருடம் பற்றாக்குறை காட்டியிருந்தாலும் நான் பயப்பட மாட்டேன். ஒத்துப்போகவில்லை என்றால் எத்தனை கோடி உபரி காட்டினாலும் உங்கள் அப்பா பெயரில் போகிற பணம் யாரோ ஒருவரின் பிப்ரவரிச் சம்பளம்.

சம்பளப் பேச்சு உண்மையா என்று பார்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. பி.எஃப். நிறுவனத்தின் இணையதளத்தில் பள்ளியின் அல்லது டிரஸ்டின் பெயரைப் போட்டுத் தேடினால் மாதவாரியாகப் பணம் கட்டிய தேதியும் எத்தனை பேருக்கு என்பதும் தெரியும், லாகின் தேவையில்லை. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மூன்று மாதப் பணம் ஒரே நாளில் கட்டியிருந்தால் பேச்சு வெறும் பேச்சில்லை. அதே மாதிரி நிலத்துக்கு வில்லங்கம். தமிழ்நாடு பதிவுத்துறை தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பள்ளி நிற்கும் இடம் டிரஸ்ட் பெயரில் இருக்கிறதா, தாளாளர் குடும்பத்தின் பெயரில் இருக்கிறதா, பத்திரத்தை பேங்கில் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார்களா என்று சர்வே எண் தெரிந்தால் பத்து நிமிடத்தில் பிடிபடும். வெளிநாட்டுப் பணம் வாங்கும் டிரஸ்ட் என்றால் அந்தக் கணக்கைத் தனியாக வெளியிட வேண்டும், அதில் நிர்வாகச் செலவு 20% தாண்டக் கூடாது. 2020 வரை 50% அனுமதித்தார்கள்.

நிர்வாகம் என்று வந்தால் நான் மினிட்ஸ் புத்தகத்தை நம்புவேன், அதாவது அது பொய் சொல்லும் விதத்தை நம்புவேன். அதே டிரஸ்டில் பன்னிரண்டு மாதக் கூட்டமும் ஒரே மையில், ஒரே சாய்வில் எழுதியிருந்தது. ஆகஸ்ட் முழுக்க மகள் வீட்டில் சிங்கப்பூரில் இருந்த டிரஸ்டி ஆகஸ்ட் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். எஃப்.டி. உடைக்கத் தீர்மானம் எங்கே என்று தேடினால் அது மட்டும் இல்லை. பஸ்கள் டிரஸ்டி மருமகனின் நிறுவனத்திலிருந்து வாடகைக்கு. இதெல்லாம் சட்டப்படி தடை என்று நினைக்காதீர்கள், நியாயமான வாடகையாக இருந்தால் தப்பில்லை. டிரஸ்டிகளின் உறவினருக்குப் போன தொகையை வருமான வரித் துறைக்குக் கொடுக்கும் தணிக்கை அறிக்கையில் எழுத வேண்டும், அதற்கென்றே பகுதி உண்டு. அதைக் காட்டச் சொல்லுங்கள்.

மகாராஷ்டிரத்தில் 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொது அறக்கட்டளைகளைக் கண்காணிக்க ஓர் ஆணையரே இருக்கிறார். நமக்குக் கல்வி டிரஸ்டுகளுக்கு அப்படி யாரும் இல்லை. சொசைட்டி என்றால் 1975 சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் ஆண்டுக் கணக்கு போகும். டிரஸ்ட் என்றால் அக்கறை உள்ள இரண்டு பேர் சேர்ந்து, கோர்ட் அனுமதி வாங்கி, சிவில் நடைமுறைச் சட்டம் 92-ஆவது பிரிவில் வழக்குப் போட வேண்டும். யார் போவார்கள்? விருதுநகரில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையை மகமைப் பணத்திலும் (வியாபாரிகள் பொதுக் காரியத்துக்கு எடுத்துவைக்கும் பங்கு) வீட்டுக்கு ஒரு பிடி அரிசியிலும் வளர்த்தார்கள், காமராசர் படித்த பள்ளி. பிடி அரிசி போட்டவள் அதே தெருவில் இருந்தாள், பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது என்று அவளுக்குக் கண்ணெதிரே தெரியும். இன்று கொடுப்பவர் துபாயிலோ சென்னையிலோ இருக்கிறார்.

கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டீர்களா, செக்கோடு ஒரு கடிதம் வையுங்கள். "இது மூலநிதிக்கான நன்கொடை, முதலைத் தொடக் கூடாது, வட்டியில் மட்டும் இன்ன உதவித்தொகை" என்று எழுத்தில் இருந்தால்தான் அது கார்பஸ். அதைத் தனியாக, அனுமதிக்கப்பட்ட முதலீட்டில் வைத்தால்தான் வரிவிலக்கு என்று 2021-இல் விதியை இறுக்கிவிட்டார்கள், ஆக உங்கள் கடிதம் அவர்களையும் கட்டும். 7% என்றால் வருடம் 35,000 ரூபாய் வட்டி, இரண்டு மூன்று பிள்ளைகளுக்குப் போதும். எஃப்.டி. ரசீதின் நகலை ஆண்டுக்கு ஒரு தடவை அனுப்பச் சொல்லியும் அதிலேயே எழுதுங்கள்.

கையெழுத்துப் போடும் முன், பழைய எண்டோமென்ட் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். மறைக்க ஒன்றுமில்லாத இடத்தில் அன்றைக்கே தருவார்கள், பல இடங்களில் ஆண்டுவிழா மலரிலேயே அச்சிட்டிருப்பார்கள். அதில் உங்களுக்குத் தெரிந்த குடும்பம் இரண்டைப் பிடித்து, போன வருடம் அவர்கள் வீட்டுப் பெரியவர் பெயரில் பரிசு கொடுத்தார்களா, எந்தப் பிள்ளைக்கு என்று போன் போட்டுக் கேளுங்கள்.