மொராக்கோ மலையும் சகாரா மணலும்: எஃப்டிய உடைச்சு, லோன் போட்டு போகலாமா?

கேள்வி: கோயம்புத்தூர்ல இருக்கோம், எனக்கு 36 வயசு, ஐடில வேலை, கைக்கு வர்றது 85,000. மனைவி தனியார் ஸ்கூல் டீச்சர், 38,000. ஹவுசிங் லோன் ஈஎம்ஐ 34,000, வீட்டு செலவு 45,000, ஊர்ல அப்பா அம்மாவுக்கு 8,000, எஸ்ஐபி 10,000. எஃப்டில 3 லட்சம் இருக்கு, அத விட்டா வேற சேமிப்பு இல்ல. தீபாவளிக்கு போனஸ் 1,10,000 வரும். கல்யாணமாகி பத்து வருஷம் ஆகப்போகுது, ரெண்டு பேருக்கும் மொராக்கோல டூப்கால் மலை ஏறிட்டு அப்படியே சகாராவுல ரெண்டு மூணு நாள் நடக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. இங்க ஒரு டிராவல்ஸ்ல கைடோட 11 நாள், ஃப்ளைட் சேத்து ஆளுக்கு 2,35,000 (ஜிஎஸ்டி தனி) சொல்றாங்க, இந்த ஏப்ரல் கடைசில கிளம்பணும், 50% அட்வான்ஸ், கேன்சல் பண்ணா திரும்ப வராது. எஃப்டில 2 லட்சம் எடுத்துட்டு 3 லட்சம் பர்சனல் லோன் (13%, 3 வருஷம்) போடலாம்னு இருக்கேன். இல்லன்னா அவங்களே நோ காஸ்ட் ஈஎம்ஐ தர்றாங்களாம். மராகேஷ்ல இருக்கற ஒரு லோக்கல் கைடு கம்பெனி ஃப்ளைட் இல்லாம ஆளுக்கு 780 யூரோன்னு ஒரு கொடேஷன் அனுப்பிருக்காங்க, ஆனா அத நம்பலாமான்னு தெரியல. என்ன பண்ணலாம்?

பதில்: சார், முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இந்த ட்ரிப் வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். ரெண்டு பேரும் சம்பாதிக்கறீங்க, ஈஎம்ஐ தவறாம போகுது, எஸ்ஐபி ஓடுது, பத்து வருஷத்துக்கு ஒரு தடவ மனசுக்கு பிடிச்ச ஒரு பெரிய பயணம் போறதுல எந்த தப்பும் இல்ல. ஆனா இந்த ஏப்ரல் வேண்டாம், அடுத்த வருஷம் ஏப்ரல் கடைசில போங்க, கடனே இல்லாம போகலாம். எப்படின்னு கணக்கோட சொல்றேன்.

உங்க பிளான்ல பெரிய ஓட்டையே அந்த 5 லட்சம்தான். 2 லட்சம் எஃப்டி, 3 லட்சம் லோன், ஆச்சு 5 லட்சம், பேக்கேஜ் 4,70,000, மிச்சம் கைச்செலவுக்குன்னு நெனச்சிருக்கீங்க. ஆனா 4,70,000-க்கு ஜிஎஸ்டி 5%, அதுவே 23,500. அப்புறம் டிசிஎஸ், அதாவது பேக்கேஜ் விக்கறவங்க உங்க வருமான வரிக்குன்னு முன்கூட்டியே பிடிக்கற காசு. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு 10 லட்சம் வரைக்கும் 5%, அதுக்கு மேல 20%ன்னு இருந்தத 2026 பட்ஜெட்ல 2%ஆ குறைச்சிட்டாங்க, ஏப்ரல் 1-ல இருந்து. அதனால உங்களுக்கு ஒரு 10,000-க்குள்ள வரும், அது தனி வரி இல்ல, உங்க பான்ல வரவு வைக்கப்படும், ரிட்டர்ன் போடும்போது கழிச்சுக்கலாம், ஆபீஸ்ல முன்னாடியே சொன்னா சம்பளத்துல பிடிக்கற டிடிஎஸ்லயே அட்ஜஸ்ட் பண்ணிடுவாங்க. ஆனா கிளம்பற நேரத்துல கைலேர்ந்து போற காசு போறதுதான். இதோட விசா, இன்சூரன்ஸ் 25,000, ஷூ, குளிர் ஜாக்கெட், மழை ஜாக்கெட்னு 40,000 (கோயம்புத்தூர்காரங்க வீட்ல இதெல்லாம் இருக்காது), டிப்ஸ், பேக்கேஜ்ல வராத சாப்பாடு, மராகேஷ்ல கொஞ்சம் ஷாப்பிங்னு 50,000. கூட்டிப் பாருங்க, 6,20,000-ஐ ஒட்டி வந்து நிக்குது. அந்த 1,20,000 வித்தியாசம் எங்க போய் விழும்னா கிரெடிட் கார்டுலதான் விழும், அதுவும் ஊர் திரும்புன மாசம், லோன் ஈஎம்ஐ ஆரம்பிக்கற அதே மாசம்.

லோன் கணக்கும் பாத்துடலாம். 3 லட்சம், 13%, 36 மாசம், மாசம் கிட்டத்தட்ட 10,100 வரும். மொத்தம் 64,000 வட்டி, ப்ராசஸிங் ஃபீஸ் தனி. உங்க மாச மிச்சம் 26,000ல 10,100 மூணு வருஷத்துக்கு போயிடும். அந்த நோ காஸ்ட் ஈஎம்ஐயும் அதே கதைதான், 0% வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு ரிசர்வ் பேங்க் 2013-லயே சொல்லியாச்சு, வட்டி எங்கயோ விலைக்குள்ள ஒளிஞ்சிருக்கும், முழு காசையும் மொத்தமா கட்டறேன், எவ்ளோ குறைப்பீங்கன்னு அவங்கள கேட்டுப் பாருங்க, அவங்க குறைக்கற தொகைதான் அந்த வட்டி.

எஃப்டிய தொடவே தொடாதீங்க. உங்க வீட்டுக்கு மாசம் கட்டாயமா வேணும்ங்கறது 87,000 (ஈஎம்ஐ, வீட்டு செலவு, பெத்தவங்களுக்கு). 3 லட்சம்ங்கறது மூணரை மாசத்துக்குதான் வரும், ஐடி வேலைக்கு அதுவே கம்மி. அதுல 2 லட்சத்த எடுத்தா ஒரு மாசத்த ஓட்டிட்டு ரெண்டாவது மாசம் யார்ட்டயாவது கேக்கணும். ஆபீஸ்ல ஆள் குறைக்கற நேரம் நம்மள கேட்டுட்டு வர்றதில்ல சார்.

சரி, இப்ப லோக்கல் கைடு கொடேஷனுக்கு வருவோம், எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. 780 யூரோன்னா இன்னைய ரேட்டுக்கு ஆளுக்கு 82,000 சுமாருக்கு வரும், ரெண்டு பேருக்கு 1,64,000. ஃப்ளைட் நீங்களே மூணு மாசம் முன்னாடி போட்டா கல்ஃப் வழியாவோ இஸ்தான்புல் வழியாவோ ஆளுக்கு 75,000ன்னு வெச்சுக்கலாம், 1,50,000. விசா இன்சூரன்ஸ் 25,000, சாமான் 40,000, கைச்செலவு 50,000, எதிர்பாராததுக்குன்னு தனியா 50,000. மொத்தம் 4,80,000-க்குள்ள. அதே மலை, அதே மணல், கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் குறைவு, அதுலயும் எதிர்பாராத செலவுக்கு ஒதுக்குன 50,000 சேந்திருக்கு, டிராவல்ஸ் கணக்குல அது கிடையாது.

நம்பலாமான்னு கேட்டீங்க. அந்த கொடேஷன ஒவ்வொரு வரியா படிச்சு சில கேள்விகள எழுத்துல கேளுங்க. கைடுக்கு மொராக்கோ அரசு லைசன்ஸ் இருக்கா, இருந்தா நம்பர் அனுப்ப சொல்லுங்க. இது ஏதோ ஃபார்மாலிட்டி இல்ல. 2018 டிசம்பர்ல, டூப்கால் ஏற ஆரம்பிக்கற அடிவார கிராமம் இம்லில் பக்கத்துல டென்மார்க், நார்வே பொண்ணுங்க ரெண்டு பேர் கொல்லப்பட்டாங்க, அதுக்கப்புறம் டூப்கால் பாதையில போலீஸ் செக்போஸ்ட் போட்டு பாஸ்போர்ட் பாக்கறாங்க, லைசன்ஸ் உள்ள கைடு கூட இல்லன்னா மேல விட மாட்டாங்க. அங்க போய் நின்னுட்டு கைடுக்கு லைசன்ஸ் இல்லன்னு தெரிஞ்சா கட்டுன காசு முழுக்க தண்ணில போன மாதிரிதான்.

அப்புறம், கோவேறு கழுதை கணக்கு. இம்லில் 1,700 மீட்டர் சொச்சத்துல இருக்கு, ராத்திரி தங்கற ரெஃப்யூஜ் 3,200 மீட்டர்ல இருக்கு, அது வரைக்கும் மூட்டைய கோவேறு கழுதை சுமக்கும், அத ஓட்டறவருக்கு தனி கூலி. சில கொடேஷன்ல இத சேக்காம விலைய குறைச்சு காட்டுவாங்க, அங்க போனதும் கேப்பாங்க. ரெஃப்யூஜ்ல படுக்கை, சாப்பாடு உள்ள வருதா, குடிதண்ணி யாரு பாத்துக்கறாங்க, ஏப்ரல் கடைசில உச்சில பனி இருக்கும்னா கிராம்பான் (பனில வழுக்காம இருக்க ஷூவுக்கு அடில மாட்டற இரும்பு முள்) வாடகை யாரு தலைல, இதெல்லாம் கேட்டு வாங்கிடுங்க. உச்சி 4,167 மீட்டர், வட ஆப்பிரிக்காவுலயே உசரம், அதனால முதல் நாளே மேல ஓடறாங்களா, இல்ல இம்லில்ல ஒரு நாள் பக்கத்து மலைல நடக்க வெச்சு உடம்ப பழக்கறாங்களான்னு பாருங்க. நாள குறைச்சா விலை குறையும், ஆனா மலைல அந்த ஒரு நாள்தான் உங்க ட்ரிப்பையே காப்பாத்தும். 11 நாள்ல ஒரு நாள் சும்மா இருக்கற மாதிரி இருந்தா அந்த ஆள் நல்ல கைடுன்னு அர்த்தம்.

பாலைவனத்துல முக்கியமா பாக்க வேண்டியது, எந்த பாலைவனம்னு. மராகேஷ் பக்கத்துலயே அகஃபாய்னு ஒரு இடம் இருக்கு, கல்லும் கட்டாந்தரையும்தான், மணல் மேடு இல்ல, சில பேக்கேஜ்ல டெசர்ட் கேம்ப்னு போட்டு அங்க கொண்டுபோய் விட்டுடுவாங்க. நீங்க போட்டோல பாத்து ஆசைப்பட்ட அந்த ஆரஞ்சு மணல் மேடு மெர்ஸூகா பக்கம் எர்க் ஷெப்பில இருக்கு, மராகேஷ்லேர்ந்து 550 கிலோமீட்டருக்கு மேல, அட்லஸ் மலைய டிஸி ன் டிஷ்கா கணவாய் வழியா தாண்டி போகணும், போக ஒரு முழு நாள், வர ஒரு முழு நாள். இல்லன்னா மஹமித் பக்கம் எர்க் ஷிகாகா, அங்க ஒட்டகத்துல சாமான ஏத்திட்டு கூடவே நடக்கற ட்ரெக் இருக்கும், உங்களுக்கு நடக்கணும்னுதான் ஆசைன்னா மஹமித் பக்கம் போறதுதான் சரி. ரெண்டுல எதுன்னு பேரோட எழுதி வாங்கிடுங்க.

இன்சூரன்ஸ்ல ரொம்ப பேர் ஏமாறுறாங்க. 600 ரூபா டிராவல் பாலிசிய ஃப்ளைட் புக் பண்ற எடத்துலயே டிக் அடிச்சு வாங்கிடுவாங்க. நெறைய பாலிசில ட்ரெக்கிங் கவர் ஆகாது, கவர் ஆனாலும் ஒரு உயரம் வரைக்கும்தான் ஆகும், 3,000 மீட்டர், 4,000 மீட்டர்னு போட்டிருப்பாங்க. 4,000 வரைக்கும்னு போட்டிருந்தா உங்களுக்கு எதுவுமே இல்லாத மாதிரிதான், ஏன்னா சறுக்கி விழற எடம் கடைசி 167 மீட்டர்ல கூட இருக்கலாம். கம்பெனிக்கு மெயில் போட்டு 4,167 மீட்டர் வரை கைடோட ட்ரெக், மீட்பு செலவு கவர் ஆகுமான்னு கேட்டு பதில வெச்சுக்கோங்க. பிரீமியம் ரெண்டு மூணு மடங்கு கூட இருக்கலாம், குடுங்க, நான் ஒதுக்கச் சொன்ன 25,000ல அதுவும் இருக்கு.

இப்ப சேக்கற வழி. மாசம் 26,000 மிச்சத்துல 24,000 போடுங்க, எஸ்ஐபிய நிறுத்த வேண்டாம். மொத்தத்தையும் ஒரே ஆர்டில போட்டா ஃப்ளைட் புக் பண்ற நேரத்துல காசு வெளிய வராது, அதனால ரெண்டா பிரிங்க. மார்ச்லேர்ந்து 14,000-க்கு 10 மாச ஆர்டி ஒண்ணு, ஜனவரில கைக்கு வரும். 10,000-க்கு 13 மாச ஆர்டி ஒண்ணு, ஏப்ரல்ல வரும். தீபாவளி போனஸ அன்னைக்கே தனி சேவிங்ஸ் அக்கவுண்ட்ல தள்ளிடுங்க, அத சம்பள அக்கவுண்ட்லயே விட்டா ஒரு பண்டிகைல கரைஞ்சிடும். ஜனவரில முதல் ஆர்டி 1,40,000, போனஸ் 1,10,000, சேத்து 2,50,000 கைல இருக்கும், டிக்கெட் 1,50,000, கைடுக்கு 30% அட்வான்ஸ் 50,000, சாமான் 40,000, எல்லாம் அதுலயே முடியும். ஜனவரிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் அந்த 14,000-ஐ சேவிங்ஸ்ல போட்டுட்டே வாங்க, ரெண்டாவது ஆர்டி முடிஞ்சதும் ஏப்ரல் மாச 10,000-ஐயும் அதுலயே போடுங்க. ஏப்ரல் கடைசில எல்லாம் கூட்டினா, ஆர்டி வட்டி ஒரு எட்டாயிரத்தையும் சேத்து, 4,54,000 வரும். 25,000 குறையுது. அத குறைக்கறது கஷ்டமில்ல, ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக், வாக்கிங் ஸ்டிக் எல்லாத்தையும் விலைக்கு வாங்காம வாடகைக்கு எடுங்க, இம்லில்லயே கிடைக்கும், ஷூ மட்டும் இங்கயே வாங்கி பழக்கிடுங்க. அப்பவும் இடிச்சா அந்த மாச மிச்சத்துல மீதி இருக்கற 2,000, 2,000-ஆ சேத்தா சரியாயிடும்.

தேதிய ஏப்ரல் கடைசின்னு சொல்றதுக்கு காரணம் இருக்கு. உங்க மனைவிக்கு லீவு அப்பதான், மலைல பனி குறைஞ்சிருக்கும், பாலைவனம் இன்னும் கொதிக்க ஆரம்பிச்சிருக்காது. 2027-ல பக்ரீத் மே 16-ஐ ஒட்டி வருது, அப்ப கைடு, ஓட்டறவங்க எல்லாம் வீட்டோட இருப்பாங்க, மே 10-க்குள்ள முடிச்சுட்டு வந்துடுங்க.

அட்வான்ஸ் 30%-க்கு மேல குடுக்காதீங்க, மீதிய அங்க போய் முதல் நாள் குடுக்கறேன்னு சொல்லுங்க, சின்ன கம்பெனிங்க பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. பேங்க் வழியா யூரோவா அனுப்புங்க, டூர் பேக்கேஜ்னு காரணம் போட்டு, அதுக்கும் 2% டிசிஎஸ் பிடிப்பாங்க, ரசீது வெச்சுக்கோங்க. மொராக்கோ காசான திர்ஹாம இங்க மாத்த முடியாது, அது மொராக்கோவுக்கு வெளிய புழங்காத காசு, யூரோ நோட்டா கொஞ்சம் கொண்டுபோய் மராகேஷ்ல மாத்துங்க. மலை கிராமத்துல கார்டு எதிர்பார்க்காதீங்க, அதனால மராகேஷ்லேர்ந்து கிளம்பறதுக்கு முன்னாடியே சின்ன நோட்டா எடுத்துடுங்க.

பேரம் பேசறதா இருந்தா ஹோட்டல் ரூம்ல பேசுங்க, கார்ல பேசுங்க, கைடு கூலிலயும் கோவேறு கழுதை ஓட்டறவர் கூலிலயும் தயவுசெஞ்சு பேசாதீங்க. 2023 செப்டம்பர் 8-ம் தேதி 6.8 அளவுல வந்த நிலநடுக்கம் இந்த அட்லஸ் கிராமங்களதான் போட்டு ஒடைச்சிச்சு, அந்த ஜனங்க வீட்ட திரும்ப கட்டிட்டு இருக்காங்க. ஆளுக்கு 2,000 மிச்சம் பிடிக்க அவங்க சம்பளத்துல கை வைக்க வேண்டாம், டிப்ஸும் 50,000ல தனியா எடுத்து கவர்ல போட்டு கொண்டுபோங்க.

கடைசியா, இந்த 14 மாசத்துல பக்கத்துலயே பழகிடுங்க. ஃபாரஸ்ட் டிபார்ட்மென்ட்டோட ட்ரெக் தமிழ்நாடுல கைடோட போற பாதை ரெண்டு மூணு போட்டு பாருங்க, செலவு கம்மி, புது ஷூவும் பழகும், ரெண்டு பேருக்கும் நாள் முழுக்க நடக்கறது பிடிக்குதான்னு தெரிஞ்சிடும். பிடிக்கலன்னா டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுட்டது நல்லது, ஆர்டி காசு உங்ககிட்டயேதான் இருக்கும். பிடிச்சிருந்தா ஜனவரில டிக்கெட் போடறதுக்கு முன்னாடி கைடு கம்பெனியோட பதில எனக்கு ஒரு தடவ அனுப்புங்க, வரி வரியா பாத்து சொல்றேன்.