கேள்வி – பதில்: மூன்று கோச், ஒரு கப்

(போன இதழில் போர்ச்சுகல் கால்பந்து லீகின் 2024–25 சீசன் பற்றி, லிஸ்பன் கிளப்பான ஸ்போர்ட்டிங் மூன்று கோச் மாறியும் சாம்பியன் ஆனதைப் பற்றி, நாலு பத்தி எழுதியிருந்தேன். இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.)

பெரம்பூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: சார், சீசன் நடுவில் கோச் போய்விட்டால் டீம் சரிந்துவிடும் என்பார்கள். ஸ்போர்ட்டிங் மட்டும் எப்படி ஜெயித்தது?

சரியாமல் இல்லை தம்பி, நன்றாகவே சரிந்தது. அதைச் சொல்லாமல் இந்த சீசனைப் பற்றிப் பேசவே முடியாது.

கோச் ரூபன் அமோரிம் இருந்தவரை லீகில் 11 ஆட்டம், 11 வெற்றி. நவம்பர் 5 அன்று சாம்பியன்ஸ் லீகில் மான்செஸ்டர் சிட்டியை 4–1 என்று அடித்தார்கள், ஸ்ட்ரைக்கர் யோக்கரெஸ் மூன்று கோல். அதற்குள்ளாகவே அமோரிம் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போவது முடிவாகிவிட்டது. ஐந்து நாள் கழித்து பிராகா ஊரில் அவருடைய கடைசி மேட்ச். 0–2 என்று பின்தங்கியிருந்து 4–2 என்று ஜெயித்துக் கொடுத்துவிட்டுப் போனார். 2021இல் 19 வருட வறட்சியை முடித்து ஸ்போர்ட்டிங்குக்கு லீகை வாங்கித் தந்ததும் இதே மனிதர்தான். அப்படிப்பட்டவர் விட்டுப்போகும் இடத்தில் வந்து உட்காருவது யாருக்கும் கஷ்டம்.

உட்கார்ந்தவர் ஜோவாவ் பெரைரா. போர்ச்சுகல் தேசிய அணியில் ரைட் பேக் ஆடியவர், அப்போது கிளப்பின் பி டீமுக்கு கோச். முதலில் ஒரு கப் மேட்ச் ஜெயித்தார், அதன் பிறகு ஆர்சனலிடம் 5–1, சாந்தா கிளாராவிடம் 1–0, மொரெய்ரென்ஸிடம் 2–1, கிளப் ப்ரூஜிடம் 2–1 என்று வரிசையாக நாலு தோல்வி. அந்த சீசனில் ஸ்போர்ட்டிங் லீகில் தோற்றதே மொத்தம் இரண்டு ஆட்டம், இரண்டும் இந்த ஒரு வாரத்துக்குள். கிறிஸ்துமஸ் வரும்போது முதலிடம் லிஸ்பனின் இன்னொரு பெரிய கிளப்பான பென்ஃபிகா கைக்குப் போயிருந்தது, பெரைராவையும் அனுப்பிவிட்டார்கள். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெரிய டீமை நடத்திப் பழக்கமில்லாத ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஒன்றரை மாதத்திலேயே மாற்றியதில் நிர்வாகத்தின் தவறுதான் பெரியது.

அப்புறம் வந்தவர் ருயி போர்ஜஸ். சீசனை விட்டோரியா கிமராயிஷ் கோச்சாகத் தொடங்கியவர். அவருக்கு முதல் மேட்சே டிசம்பர் 29, பென்ஃபிகாவுக்கு எதிராக, சொந்த மைதானமான அல்வலாதேவில். ஜெனி கட்டாமோ அடித்த ஒரே கோல், 1–0. மறுபடியும் முதலிடம். அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காகிவிடவில்லை. அவருடைய பழைய கிளப்புடன் 4–4, பிப்ரவரியில் போர்ட்டோ, அரோகா, ஏவிஎஸ் என்று வரிசையாக மூன்று டிரா. ஆனால் அவர் கையில் இருந்த 19 லீக் ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. 13 வெற்றி, 6 டிரா. லீக் எப்படிக் கைக்கு வந்தது என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது கடைசி நாளை அல்ல, இந்த 6 டிராவைத்தான். தோற்றிருக்க வேண்டிய நாளில் ஒரு புள்ளியாவது பிடித்துக்கொண்டு வந்தார்கள். கடைசியில் வித்தியாசம் இரண்டே புள்ளி.

அம்பத்தூரிலிருந்து ஒரு வாசகி: கடைசி ஆட்டத்துக்கு முன்பு இரண்டு டீமும் சமப் புள்ளி என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் கோல் வித்தியாசம் பார்ப்பார்கள்தானே? பிறகு ஏன் ஸ்போர்ட்டிங் முன்னால் இருந்தது?

நல்ல கேள்வி அம்மா, இங்கிலாந்து லீக் பார்த்துப் பழகிய எல்லோருக்கும் இந்த இடத்தில் குழப்பம் வரும். போர்ச்சுகலில் புள்ளி சமமானால் முதலில் அந்த இரண்டு டீமும் தங்களுக்குள் ஆடிய இரண்டு மேட்சைப் பார்ப்பார்கள். யார் அதில் அதிகப் புள்ளி எடுத்தார்களோ அவர்கள் மேலே. கோல் வித்தியாசம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மே 10 அன்று பென்ஃபிகா மைதானத்தில் இரண்டாவது மேட்ச். இரண்டு பேரும் 78 புள்ளியுடன் இறங்கினார்கள். ஸ்போர்ட்டிங் ஜெயித்திருந்தால் எதிரியின் மைதானத்திலேயே சாம்பியன், பென்ஃபிகா ஜெயித்திருந்தால் மூன்று புள்ளி முன்னால். நாலாவது நிமிடமே த்ரின்காவ் கோல் போட்டுவிட்டார். இரண்டாம் பாதியில் பென்ஃபிகாவின் அக்தூர்கோலு சமன் செய்தார். 1–1. இரண்டு பேருக்கும் 79. இப்போது டிசம்பர் 29இன் அந்த ஒரு கோலை நினைத்துப் பாருங்கள். மொத்த சீசனும் அதன் மேல் நிற்கிறது. ஸ்போர்ட்டிங் செய்ய வேண்டியதெல்லாம் கடைசி நாளில் பென்ஃபிகாவைவிட மோசமாக ஆடாமல் இருப்பது.

மே 17. ஸ்போர்ட்டிங்குக்கு எதிரே யார் தெரியுமா, விட்டோரியா கிமராயிஷ், ருயி போர்ஜஸ் விட்டுவந்த அதே கிளப். முதல் பாதி கோல் இல்லை. அந்தப் பக்கம் பிராகாவில் பென்ஃபிகா ஒரு பெனால்டி கோல் வாங்கிப் பின்தங்கியிருந்தது. நான் டிவியில் ஒன்று, போனில் ஒன்று என்று வைத்துக்கொண்டு இரண்டையும் பார்க்கிறேன் என்ற பெயரில் எதையும் சரியாகப் பார்க்காமல் தவித்துக்கொண்டிருந்தேன். 55ஆவது நிமிடம் பெட்ரோ கொன்சால்வஸ். காயத்தால் பல மாதம் வெளியே உட்கார்ந்திருந்து திரும்பிய பையன், அவன் போட்டதும்தான் மூச்சு வந்தது. 82இல் யோக்கரெஸ் இரண்டாவதைப் போட்டார். பென்ஃபிகா 1–1 டிரா. 82–80. ஸ்போர்ட்டிங் தொடர்ந்து இரண்டு வருடம் லீக் ஜெயிப்பது 1953–54க்குப் பிறகு இதுதான் முதல் முறை.

ராயபுரத்திலிருந்து ஒரு வாசகர்: யோக்கரெஸ் லீகில் 39 கோல், எம்பாப்பே 31 கோல். கோல்டன் ஷூ எம்பாப்பேக்கு. இது என்ன நியாயம்?

கணக்கைச் சொல்கிறேன். கோல்டன் ஷூ ஐரோப்பிய லீகுகளில் கோலுக்கான புள்ளி அதிகம் எடுப்பவருக்கு. ஐரோப்பாவின் முதல் ஐந்து லீகில் போட்ட ஒரு கோலுக்கு 2 புள்ளி, அடுத்த வரிசை லீகுகளுக்கு 1.5. போர்ச்சுகல் இரண்டாவது வரிசை. 39ஐ 1.5ஆல் பெருக்கினால் 58.5. எம்பாப்பேக்கு 62. ஸாலா 29 கோல் போட்டு 58 எடுத்தார், அவரைவிட அரைப் புள்ளி மேலே யோக்கரெஸ்.

சின்ன லீகில் யாரோ 50 கோல் போட்டு ஷூவைத் தூக்கிப் போய்விடக் கூடாது என்பதற்காக வைத்த கணக்கு, அதன் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக மூன்று கோல் போட்டவரைப் பார்த்து ‘லேசான லீகில் போட்ட கோல்’ என்று சொன்னால் எனக்கு மனசு ஒப்புவதில்லை. கோவென்ட்ரி சிட்டி என்ற இரண்டாம் டிவிஷன் டீமிலிருந்து 2023இல் வந்தவர். முதல் வருடம் லீகில் 29, இரண்டாவது வருடம் 39. அதற்கப்புறம் ஆர்சனலுக்குப் போய்விட்டார். போகத்தான் செய்வார்கள், போர்ச்சுகல் கிளப்புகள் பிழைப்பதே வளர்த்து விற்பதில்தான்.

மயிலாப்பூரிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர்: பென்ஃபிகா மைதானத்தின் பெயர் ‘லஸ்’ என்று என் பேரன் சொல்கிறான். நம்ம லஸ் கார்னர்தான் அது என்று கேலி செய்கிறான். சம்பந்தம் உண்டா?

ஐயா, பேரன் கேலியாகச் சொன்னாலும் சரியாகவே சொல்லியிருக்கிறான். இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

லிஸ்பனில் அந்த மைதானம் இருக்கும் பகுதிக்கு லஸ் என்று பெயர் வந்தது அங்கே இருக்கும் ஒளியின் மாதா கோயிலால். போர்ச்சுகீசிய மொழியில் லஸ் என்றால் வெளிச்சம், அவர்கள் உச்சரிப்பில் ‘லூஷ்’ என்று கேட்கும். நம் மயிலாப்பூர் லஸ் சர்ச்சும் அதே ஒளியின் மாதாவுக்குக் கட்டியதுதான், போர்ச்சுகீசியர்கள் கட்டியது, அங்கே உள்ள கல்வெட்டில் 1516 என்று இருக்கிறது. பழைய ஆட்கள் காட்டுக் கோயில் என்பார்கள். ஆக 65,000 பேருக்கு மேல் உட்காரும் மைதானமும், நீங்கள் தினமும் பஸ் ஏறும் லஸ் கார்னரும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. சாவி, ஜன்னல், அலமாரி என்று அவர்கள் விட்டுப்போன சொற்கள் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன, இது ரோட்டில் இருக்கிறது. அடுத்த முறை சர்ச் பக்கம் போனால் பேரனையும் கூட்டிப்போங்கள்.

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர்: எப்போது பார்த்தாலும் பென்ஃபிகா, போர்ட்டோ, ஸ்போர்ட்டிங். மற்றவர்கள் ஜெயிக்கவே மாட்டார்களா?

1934–35இல் தொடங்கிய லீகில் இந்த மூன்று பேரைத் தவிர சாம்பியன் ஆனவர்கள் இரண்டே பேர். 1945–46இல் பெலெனென்செஸ், 2000–01இல் போவிஸ்டா. அவ்வளவுதான்.

காரணங்களில் பெரியது பணம். டிவி உரிமையை அங்கே ஒவ்வொரு கிளப்பும் தனித்தனியாக விற்றுக்கொள்கிறது. ஊரில் பாதிப் பேர் பென்ஃபிகா ரசிகர் என்றால் டிவிக்காரர் யாருக்கு அதிகம் கொடுப்பார்? 2028–29 சீசனிலிருந்து எல்லோருக்கும் சேர்த்து ஒன்றாக விற்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். ரொம்பத் தாமதம், ஆனாலும் வரட்டும்.

இந்த சீசனின் சோகம் எனக்கு அதே போவிஸ்டாதான். ஒருகாலத்து சாம்பியன் 18ஆவது இடத்தில், கடைசியாக முடித்து முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. கடன் தகராறுகளால் புது வீரர்களைப் பதிவு செய்யவே தடை, இருப்பவர்களை வைத்து ஆட வேண்டிய நிலை. நிர்வாகம் செய்த கடனுக்கு ரசிகர்கள் அழுகிறார்கள்.

சந்தோஷம் சாந்தா கிளாரா. அட்லாண்டிக் நடுவில் அசோர்ஸ் தீவுகளில் இருக்கும் கிளப், லிஸ்பனிலிருந்து சுமார் 1,400 கிலோமீட்டர். வெளியூர் மேட்ச் என்றால் ஒவ்வொன்றுக்கும் விமானம்தான். முந்தைய வருடம் இரண்டாம் டிவிஷனில் இருந்தவர்கள் நேராக வந்து ஐந்தாவது இடம் பிடித்தார்கள். அல்வலாதேவுக்கே வந்து ஸ்போர்ட்டிங்கைத் தோற்கடித்தார்கள் என்று மேலே சொன்னேனே, அதே டீம்தான்.

அண்ணா நகரிலிருந்து ஒரு போர்ட்டோ ரசிகர்: எங்கள் டீமைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே?

மன்னிக்கவும், விட்டிருக்கக் கூடாது. 71 புள்ளி, மூன்றாவது இடம். பென்ஃபிகாவிடம் அங்கேயும் 4–1, உங்கள் மைதானத்திலும் 4–1, இரண்டாவதில் பென்ஃபிகாவின் பாவ்லிடிஸ் மூன்று கோல். ஆனால் அந்த வருடம் போர்ட்டோவுக்கு மைதானத்துக்கு வெளியே நடந்ததுதான் பெரியது. 42 வருடம் தலைவராக இருந்த பின்டோ ட கோஸ்டாவை 2024 ஏப்ரலில் தேர்தலில் தோற்கடித்து ஆந்த்ரே வில்லாஸ் போவாஸ் வந்தார். ஜனவரியில் கோச் விட்டோர் புரூனோவை மாற்றினார்கள். பிப்ரவரி 15 அன்று பின்டோ ட கோஸ்டா இறந்துபோனார். ஒரு தலைமுறையே முடிந்த வருடம் அது. அப்படி ஒரு வருடத்தில் மூன்றாவதாக வந்ததை நான் தோல்வி என்று எழுத மாட்டேன்.

கொளத்தூரிலிருந்து ஒரு வாசகர்: லீகோடு முடிந்துவிட்டதா? கப் ஃபைனல் என்ன ஆனது?

மே 25, போர்ச்சுகல் கப் ஃபைனல், ஜமோர் மைதானம், மறுபடியும் ஸ்போர்ட்டிங்கும் பென்ஃபிகாவும். இன்ஜுரி டைம் முடியப்போகும் வரை பென்ஃபிகாதான் 1–0 முன்னால். கடைசி மூச்சில் யோக்கரெஸ்ஸை பாக்ஸுக்குள் தள்ளிவிட்டார்கள், பெனால்டி, அவரே போட்டார். எக்ஸ்ட்ரா டைமில் ஹார்டரும் த்ரின்காவும் அடித்து 3–1. லீகும் கப்பும் சேர்த்து ஸ்போர்ட்டிங் வாங்கியது 2001–02க்குப் பிறகு அப்போதுதான்.

வியாசர்பாடியிலிருந்து பத்தாம் வகுப்பு மாணவர்: நான் இடது கால் ஆட்டக்காரன். ஆனால் என்னை வலது ஓரத்தில் நிறுத்துகிறார்கள். இந்த டீமில் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்?

ஜெனி கட்டாமோவைப் பார் தம்பி. மொசாம்பிக்கிலிருந்து வந்தவர், உன்னைப் போலவே இடது கால், பெரும்பாலும் வலது ஓரத்தில் ஆடியவர். 2024 ஏப்ரலில் பென்ஃபிகாவுக்கு எதிராக இரண்டு கோல், டிசம்பர் 29இல் அந்த ஒரு கோல். பெரிய மேட்சுக்கென்றே பிறந்த மாதிரி. கோலை மட்டும் பார்க்காதே, பந்து வருவதற்கு முன்பு அவர் எங்கே நிற்கிறார், உள்ளே வெட்டி வரும் முன் வலது காலால் எத்தனை முறை வெளியே போவதுபோல் காட்டுகிறார் என்று பார். எதிராளி வெளிப்பக்கத்தை மூட ஓடினால்தான் உனக்கு உள்ளே வழி கிடைக்கும். அதனால் வலது காலாலும் கிராஸ் போடப் பழகு, தினமும் இருபது போதும்.

அப்புறம் ஒன்று, அங்கே குளிர்காலத்தில் இரவு எட்டரை மேட்ச் என்றால் நமக்கு விடிகாலை இரண்டு மணி. பரீட்சை நேரத்தில் முழித்திருக்க வேண்டாம், மறுநாள் ஹைலைட்ஸ் பார்த்துக்கொள்.