மாத்திரை நேரத்தில் கை ஓங்குகிறார்

கேள்வி: ஓசூர் அருகே ஒரு மனநலக் காப்பகத்தில் மூன்று மாதமாக வேலை பார்க்கிறேன். 40 வயதிருக்கும் ஒருவர், இரவு மாத்திரை கொடுக்கப் போனால் தட்டைத் தட்டிவிட்டு அடிக்க வருகிறார். "நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடி" என்கிறார்கள் மூத்தவர்கள். வேறு வழி உண்டா?
- ஒரு வாசகி

பதில்: உண்டு, சகோதரி. கை ஓங்கும் முன்பே உடம்பு சொல்லிவிடும். குறுக்கும் நெடுக்கும் நடப்பார், தாடை இறுகும், விரல்களை மடக்கி மடக்கி விரிப்பார். அப்போது தட்டை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போங்கள்.

இரண்டு கை நீளம் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். உங்கள் கைகள் அவர் கண்ணில் படட்டும். கதவை மறிக்காதீர்கள், வெளியேற அவருக்கும் வழி வேண்டும், உங்களுக்கும் வேண்டும். துப்பட்டாவையும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையையும் முன்பே கழற்றிவிடுங்கள். பேசுவது ஒருவர் மட்டுமே. மற்றவர்கள் டிவியை நிறுத்தி, அங்கிருப்பவர்களை வெளியே அழைத்துப் போகட்டும். ஏற்கெனவே காதில் இல்லாத குரல்கள் கேட்டுக்கொண்டிருக்கக்கூடிய மனிதரிடம் நாலு பேர் "உட்காரு, உட்காரு" என்று கத்தினால் பயம்தான் ஏறும்.

"அண்ணா, பயமா இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருங்கள். பதில் வர நேரமாகும். உங்கள் பகுதியில் அவருடைய தாய்மொழி தெலுங்காகவோ கன்னடமாகவோ இருக்கலாம். பயப்படாதீர்கள் என்பதைத் தெலுங்கில் "பயப்படகண்டி", கன்னடத்தில் "ஹெதரபேடி" என்று சொல்லும் ஒற்றைச் சொல்லே தோளைத் தளர்த்தும். மாத்திரையில் விஷம் இருக்கிறது என்று அவர் சொன்னால் வாதாடவும் வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம். "அப்படித் தோணினா பயமாத்தான் இருக்கும்" என்று சொல்லி, மாத்திரைப் பட்டையை அவர் கண்முன்னே பிரியுங்கள். தண்ணீரோடா மோரோடா என்பதை அவரே சொல்லட்டும். சாப்பாட்டில் ஒளித்துக் கொடுக்கவே கூடாது. ஒருநாள் தெரிந்தால் சோறும் விஷமாகிவிடும்.

மாத்திரையே காரணமாகவும் இருக்கலாம். ஹாலோபெரிடால் போன்றவை சிலருக்கு ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பைத் தரும். அதைக் கோபமென்று நினைத்து அளவைக் கூட்டினால் தவிப்பும் கூடும். கால் ஓயாமல் ஆடுகிறதா என்று பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். பல்வலி, மலச்சிக்கலையும் விசாரியுங்கள். காய்ச்சலோடு திடீர்க் குழப்பம் வந்தால் உடனே பொது மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அமுக்கிப் பிடிப்பது பற்றி மூத்தவர்களிடம் தயங்காமல் பேசுங்கள். குப்புறப் போட்டு முதுகில் அழுத்தினால் மூச்சு நின்று உயிரே போகலாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 97-இன்படி உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பிலுள்ள மனநல மருத்துவரின் அனுமதியோடு மட்டுமே ஒருவரைக் கட்டுப்படுத்தலாம். தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறைக்காகவோ கூடாது. சங்கிலிக்குப் பிரிவு 95-இல் முழுத் தடை.

மறுநாள் காலை அவர் தெளிவாக இருக்கும்போது, "நேத்து நாங்க என்ன செஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்?" என்று கேட்டு, சொன்னதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிவையுங்கள். இரவுப் பணிக்கு வருபவர் அதைப் படித்துவிட்டுத் தட்டை எடுக்கட்டும்.