திருமண டிவிடி, சினிமா டிவிடி: கம்ப்யூட்டரில் காப்பி எடுக்கலாமா?

கேள்வி: எங்கள் திருமண வீடியோ மூன்று டிவிடிகளிலும், விலைக்கு வாங்கிய நாற்பது சினிமா டிவிடிகளும் என்னிடம் உள்ளன. சில டிஸ்க்குகள் நின்று நின்று ஓடுகின்றன. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்து, தம்பிக்கும் ஒரு பிரதி தர நினைக்கிறேன். திருமண வீடியோவை நாங்களாகக் காப்பி எடுக்கக் கூடாது, தன்னிடம்தான் வாங்க வேண்டும் என்கிறார் வீடியோ எடுத்தவர். இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: திருமண வீடியோவைப் பற்றிக் கவலை வேண்டாம். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17-ன்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு அவரே முதல் உரிமையாளர். மாறாக ஒப்பந்தம் இருந்தால்தான் நிலைமை மாறும். ஆகவே, முன்பணம் கொடுத்தபோது வாங்கிய ரசீதையும் கையெழுத்திட்ட தாளையும் பின்பக்கம் வரை படித்துப் பாருங்கள். அதில் எதுவும் இல்லையென்றால், வேலை முடிந்த பிறகு அவர் வாயால் போடும் தடை உங்களைக் கட்டுப்படுத்தாது. தம்பிக்குத் தாராளமாகப் பிரதி கொடுங்கள். பின்னணியில் சேர்த்திருக்கும் சினிமாப் பாடல்கள் மட்டும் உங்களுடையவை அல்ல. வீடியோவை யூடியூபில் ஏற்றினால் அவற்றின் உரிமையாளர்கள் முடக்கலாம்.

இத்தகைய டிஸ்க்கில் பொதுவாக நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இருக்காது. டிவிடியில் வீடியோ அதிகபட்சம் 1 ஜிபி அளவுள்ள துண்டுகளாகத்தான் பதிவாகும்; அவற்றின் வரிசை வேறு சிறு கோப்புகளில் இருக்கும். பெரிய கோப்பை மட்டும் இழுத்துப் போட்டால் பாதிக் கல்யாணம் காணாமல் போவது இதனால்தான். முழு டிஸ்க்கையும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக (டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அப்படியே அடங்கிய நகல்) எடுங்கள். 4.7 ஜிபி டிஸ்க்கை விண்டோஸ் 4.38 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், எண்ணும் முறைதான் வேறு. இப்படிக் கம்ப்யூட்டரில் எழுதிய டிஸ்க்கில் வீடியோ பதிவாகியிருக்கும் சாயம் வெளிச்சத்தில் மங்கும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். நின்று ஓடும் டிஸ்க்கை மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு போய்ப் பெரிய பகுதியைக் கெடுக்கும். சாதாரணக் காப்பி பிழை கண்ட இடத்தில் நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ போன்ற மென்பொருள் நல்ல பகுதியை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடத்துக்குப் பிறகு திரும்பி வரும்.

சினிமா டிவிடிகள் வேறு கதை. டிஸ்க் உங்களுடையது, படம் உங்களுடையதல்ல. பிரதி எடுப்பதும் மின்னணு முறையில் சேமிப்பதும் பிரிவு 14-ன்படி படத்தின் உரிமையாளருக்கே உரியவை. ஆனால் சொந்த உபயோகத்துக்கான நியாயமான கையாளுகையைப் பிரிவு 52 மீறலாகக் கருதுவதில்லை; அந்த நோக்கத்துக்காக மின்னணு ஊடகத்தில் சேமிப்பதும் மீறலாகாது என 2012 திருத்தம் விளக்கம் சேர்த்தது. சொந்த டிஸ்க், ஒரே பிரதி, உங்கள் கம்ப்யூட்டருக்குள் மட்டும் என்றால் நல்ல வாதம் உண்டு. ஆனாலும் முழுப் படத்தையும் எடுப்பது 'நியாயமானது'தானா என்பதை வழக்கு வந்தால் நீதிமன்றமே முடிவு செய்யும். இரவல் டிஸ்க், வாடகை டிஸ்க் என்றால் அந்த வாதம் வெகுவாகப் பலவீனப்படும்.

அடுத்தது பூட்டு. பெரும்பாலான சினிமா டிவிடிகளில் சிஎஸ்எஸ் என்ற குறியாக்கம் உண்டு. கோப்பை நகலெடுத்த பின் படம் கட்டம் கட்டமாகச் சிதறித் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். 2012-ல் சேர்ந்த பிரிவு 65ஏ, உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. சட்டம் தடுக்காத நோக்கத்துக்காக உடைப்பது அதற்குள் வராது. அதாவது நம் நாட்டில் எண்ணம்தான் கேள்வி. இன்னொருவருக்காகப் பூட்டைத் திறந்து தருபவர், அந்த இன்னொருவரின் பெயர், முகவரி, நோக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். எதுவும் கேட்காமல் செய்து தருகிறேன் என்பவரிடம் டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் 1998 சட்டப்படி, விதிவிலக்கு இல்லாத வரை, பூட்டை உடைப்பதே தவறு. பிரிட்டன் 2014 அக்டோபரில் தனிப்பயன் நகலை அனுமதித்தது. 2015-ல் உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்துவிட்டது. வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தப் பதிலை அப்படியே பின்பற்ற முடியாது.

சினிமாப் படத்தின் பிரதியைத் தம்பிக்குக் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் 'சொந்த உபயோகம்' என்ற உங்கள் வாதம் அங்கேயே உடைந்துவிடும். அசல் டிஸ்க்கை அவர் பார்க்கக் கொடுத்து வாங்கலாம். நிரந்தரமாகவே கொடுத்துவிட்டால், உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் பிரதியை அழித்துவிடுங்கள்.