பாதி ஊழியத்தில் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். நான் நெல்லைப் பக்கத்துக்காரன். ஜார்க்கண்டின் ராஜ்மஹல் குன்றுகளில் பஹாடியா பழங்குடி மக்களிடையே மிஷனெரியாக வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஓய்வு பெற இன்னும் அவ்வளவு ஆண்டுகள் இருக்கின்றன. மனைவிக்கு மலேரியா விட்டுவிட்டு வருகிறது. பிள்ளைகள் ஊரில் விடுதியில் படிக்கிறார்கள். எங்களைத் தாங்கும் சபை ஆண்டுதோறும் ஞானஸ்நான எண்ணிக்கையைக் கேட்கிறது. ஹிந்தியிலேயே பேசிச் சமாளித்துவிடுகிறேன் என்றாலும், மனம் சோர்ந்துவிட்டது. தொடர்வதா, திரும்புவதா?

டி.

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது என் அம்மாவின் அரிசிக் கலயத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, மிஷனெரிகளுக்கென்று அடுப்படி மூலையிலிருந்த மண்கலயத்தில் போடுவார். வீட்டில் அரிசி குறைந்த நாட்களில் அந்தப் பிடி சிறுத்ததே தவிர, ஒருநாளும் நின்றதில்லை. ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குச் சுமந்து செல்வது என் வேலை. 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பிய மண் அது. தன் அரிசி எத்தனை ஞானஸ்நானமாயிற்று என்று அம்மா கேட்டதே இல்லை. எண்ணிக்கை கேட்கும் சபையாருக்கு இதைச் சொல்லுங்கள். 1793-இல் வங்காளத்துக்கு வந்த ஆங்கில மிஷனெரி வில்லியம் கேரி, முதல் வங்காளிக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1800 டிசம்பரில்தான் என்பதையும் சொல்லுங்கள். அந்தக் கணக்கைப் பற்றி வேறு பேச ஒன்றுமில்லை.

மனைவியின் காய்ச்சலை ஜெபக்குறிப்பாக எழுதி அனுப்பினால் மட்டும் போதாது. இந்த மாதமே நல்ல மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று முழுமையாகப் பரிசோதியுங்கள். உங்கள் பகுதியில் காலா அசார் என்னும் கொடிய காய்ச்சலும் உண்டு. கேரியின் மனைவி டாரதி மனம் பிறழ்ந்து கழித்த ஆண்டுகளை நாம் இன்றும் ஒரே வரியில் கடந்துபோகிறோம். உங்கள் வீட்டில் அப்படி நேரக்கூடாது.

ஆனால் எனக்குக் கோபம் வந்தது 'ஹிந்தியிலேயே சமாளித்துவிடுகிறேன்' என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதியதைப் படித்தபோதுதான். பதினான்கு ஆண்டுகளாகவா சமாளிக்கிறீர்கள்? அந்த மக்கள் பேசும் மால்தோ உங்கள் தாய்மொழிக்கு உறவு, தம்பி! நம் இடையன்குடியில் இருந்த கால்டுவெல், 1875-இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தின் இரண்டாம் பதிப்பில், திராவிட மொழிகளின் வரிசையில் ராஜ்மஹல் மொழியையும் சேர்த்திருக்கிறார். எங்கோ ஜெர்மனியிலிருந்து வந்து உங்கள் குன்றுகளில் ஊழியம் செய்த எர்னஸ்ட் ட்ரோஸே, 1884-இல் மால்தோவுக்கு இலக்கணமே எழுதினார். அவருக்கு அந்த ஒலிகள் எல்லாமே புதியவை. உங்களுக்கோ 'நான்' என்பதற்கு அவர்கள் சொல்லும் 'ஏன்' நம் 'யான்'. 'நீ' என்பதற்குச் சொல்லும் 'நீன்' பாதி தமிழ். கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'நாம்', அவரை விலக்கிச் சொன்னால் 'ஏம்'. நம்முடைய நாமும் யாமும் அப்படியே அங்கே இருக்கின்றன. ஹிந்தியின் 'ஹம்' இந்த வேறுபாட்டைக் காட்டாது. அவர்கள் உங்கள் முன்னால் அமர்ந்து தங்கள் துயரத்தைச் சொல்லும்போது அதில் உங்களைச் சேர்த்துக்கொண்டார்களா, வெளியே நிறுத்தினார்களா என்பதே தெரியாமல் பதினான்கு ஆண்டுகள் இருந்திருக்கிறீர்கள். உங்கள் சோர்வில் பாதி இதனால் வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

இனிமேலா என்று கேட்காதீர்கள். கேரி இந்தியாவில் இருந்தது நாற்பத்தொரு ஆண்டுகள். அவருடைய பத்தொன்பதாம் ஆண்டில், 1812 மார்ச் 11 அன்று, வங்காளத்தின் செராம்பூரில் இருந்த அவர்களுடைய மிஷன் அச்சகம் தீப்பிடித்தது. அதில் எரிந்த கையெழுத்துப் படிகளில் தெலுங்கு இலக்கணமும் ஒன்று. ஐம்பது வயதில் அவர் மறுபடியும் முதலிலிருந்து உட்கார்ந்தார். 1814-இல் அந்த இலக்கணம் அச்சாகி வந்தது. உங்களுக்கு எரிந்துபோக எதுவும் இல்லை, தொடங்கினால் போதும்.

நாளைக் காலை, வாசலில் அமர்ந்து பயறு உரிக்கும் ஒரு கிழவியின் அருகில் நோட்டும் பென்சிலுமாகப் போய் உட்காருங்கள். முறத்தைக் காட்டிக் கேளுங்கள், தோலைக் காட்டிக் கேளுங்கள், அவர் விரலைக் காட்டிக் கேளுங்கள். நீங்கள் தப்பாகச் சொல்வதைக் கேட்டு அவர் சிரிக்கட்டும். ஹிந்திக்குத் தாவாமல் மறுபடியும் சொல்லுங்கள். தொடர்வதா, திரும்புவதா என்பதை ஓராண்டு கழித்துப் பேசிக்கொள்ளலாம். அதற்குள் உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர்கள் 'ஏம்' என்கிறார்களா, 'நாம்' என்கிறார்களா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.