பாரசீக வளைகுடா ஏன் இவ்வளவு முக்கியம்? எண்ணெய் வெளியேற ஹோர்முஸ் நீரிணையைத் தவிர வேறு வழியே இல்லையா?

வழி இருக்கிறது, ஆனால் அது போதாது. எண்ணெய்க் கப்பல்களில் பணியாற்றிய ஆண்டுகளில் அந்த நீரிணையைப் பலமுறை கடந்தவன் என்ற முறையில், எண்ணெய் வளத்தைப் பேசுவதற்கு முன் அந்தக் கடலின் வடிவத்தையும் ஆழத்தையும் பார்க்க வேண்டும் என்பேன்.

டைகிரிசும் யூப்ரடீசும் ஒன்றுசேர்ந்து ஷத் அல் அராப் என்ற பெயரில் கடலில் கலக்கும் வடமேற்கு முனையிலிருந்து ஹோர்முஸ் வரை ஏறத்தாழ 990 கி.மீ. நீளம் கொண்ட இந்த வளைகுடா, உண்மையில் கடல்நீர் புகுந்த ஒரு பள்ளத்தாக்குதான். பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது இதன் பெரும்பகுதி நிலமாகவே இருந்தது. இன்றும் சராசரி ஆழம் 50 மீட்டருக்குக் குறைவு. அதிலும் ஆழமான பகுதி ஈரான் பக்கம் இருக்க, அரபுக் கரையோரம் மணல்திட்டுகளும் பவளப்பாறைகளுமாகக் கிடக்கிறது. 20 லட்சம் பீப்பாய் ஏற்றிய பெருங்கப்பல் 20 மீட்டருக்கு மேல் நீருக்குள் அமிழ்ந்திருக்கும் என்பதால், பார்வைக்கு விரிந்து தெரியும் அந்த நீர்ப்பரப்பில் அதற்கு உதவும் தடங்கள் சிலவே. 60 கி.மீ. அளவுகூடக் கடற்கரை இல்லாத ஈராக், பஸ்ராவின் எண்ணெயைக் கரையிலிருந்து தள்ளிக் கடலுக்குள் கட்டிய முனையங்களில் ஏற்றுவதும் இதனால்தான்.

இந்த வளைகுடாவுக்கு ஒரே வாசல் ஹோர்முஸ். மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் 40 கி.மீ.க்கும் குறைவு. ஈரான், ஓமன் ஆகிய இரு நாடுகளும் தத்தம் கரையிலிருந்து 12 கடல்மைல், அதாவது சுமார் 22 கி.மீ., தமது எல்லை என்று கொள்வதால், அங்கே யாருக்கும் சொந்தமில்லாத கடல் என்று எதுவும் மிஞ்சுவதில்லை. உள்ளே செல்ல 2 கடல்மைல், வெளியே வர 2 கடல்மைல், இடையே 2 கடல்மைல் இடைவெளி என்று வகுத்த பாதை, ஓமனின் முசந்தம் முனையை ஒட்டி அமைந்திருக்கிறது. அந்தப் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, ஓமனின் கசாப் துறைக்கும் ஈரான் கரைக்கும் இடையே சரக்குக் கடத்தும் சிறு விசைப்படகுகள் பறக்கும். அவற்றைக் கண்டு நாங்கள் பதறிய அளவுக்குப் போர்க்கப்பல்களைக் கண்டு பதறியதில்லை. சற்று மேற்கே, 1971இல் வளைகுடாவிலிருந்து பிரிட்டன் வெளியேறிய தறுவாயில் ஈரான் கைக்கொண்ட அபு மூசா, பெரிய தும்பு, சிறிய தும்பு ஆகிய தீவுகள் கப்பல் தடத்தின் அருகிலேயே கிடக்கின்றன. அவற்றின் மீது ஐக்கிய அரபு அமீரகம் இன்றும் உரிமை கோருவதன் பொருள் வரைபடத்தைப் பார்த்தால் விளங்கும்.

2023இல் நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் இவ்வழியே சென்றது. இது உலக நுகர்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. மாற்றுவழி என்று சொன்னால், சவுதி அரேபியா அப்கைக்கிலிருந்து செங்கடல் துறையான யான்புவுக்கும், அமீரகம் ஹப்ஷானிலிருந்து ஹோர்முஸுக்கு வெளியே உள்ள புஜைராவுக்கும் குழாய் பதித்துள்ளன. இரண்டையும் முழுவீச்சில் இயக்கினாலும் அந்த 2 கோடியில் பாதியை எட்டுவது கடினம். குவைத்துக்கும் கத்தாருக்கும் அந்த வசதியும் இல்லை.

வாசலை அடைக்க முடியுமா என்பதைவிட, அதைக் கடக்கும் செலவை எவ்வளவு உயர்த்த முடியும் என்று கேட்பதே சரி என்பது என் கருத்து. ஈரான் – ஈராக் போரின்போது, குறிப்பாக 1984 முதல் 1988 வரை, நானூறுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டன. ஆனாலும் எண்ணெய் ஓட்டம் நிற்கவில்லை. காப்பீட்டுக் கட்டணம்தான் ஏறியது. குவைத் கப்பல்கள் அமெரிக்கக் கொடியின் கீழ் ஓடும் நிலை வந்தது.

எண்ணெயைவிட எரிவாயு விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். கச்சா எண்ணெயைச் சேமிக்க இந்தியாவுக்கு விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய இடங்களில் 53 லட்சம் டன் கொள்ளும் நிலத்தடிக் கிடங்குகள் உள்ளன. நாம் இறக்குமதி செய்யும் சமையல் எரிவாயுவோ பெரும்பாலும் வளைகுடா நாடுகளிலிருந்தே வருகிறது. அதற்கென விசாகப்பட்டினத்தில் குடைந்த கிடங்கின் கொள்ளளவு 60,000 டன், அதாவது நாட்டின் ஒரு நாள் தேவைக்கும் குறைவு.