பல வருட ஒயின்களைக் கலந்த ஷாம்பெயின் இரண்டாந்தரமா? அதை எப்படிப் பரிமாறுவது?

க்ரூக் கிராண்ட் க்யூவே என்ற ஷாம்பெயின் பாட்டில் ஒன்று பரிசாக வந்திருக்கிறது, லேபிளில் வருடமே போடவில்லை, பல வருட ஒயின்களைக் கலந்தது என்கிறார்கள், அப்படியென்றால் இது மட்டமானதா, எப்படிப் பரிமாற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பாரிஸில் உணவகங்களில் பரிமாறும் வேலையில் 11 வருடமாக இருக்கிறேன், இந்த பாட்டிலைப் பலமுறை திறந்திருக்கிறேன். மட்டமானது இல்லை. கலந்ததால்தான் அது அவ்வளவு நன்றாக இருக்கிறது.

கலப்பு என்றாலே நமக்குக் கலப்படம் ஞாபகம் வந்துவிடுகிறது, சந்தேகம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் காப்பிப் பொடிக் கடையில் பீபரி இவ்வளவு, பிளான்டேஷன் இவ்வளவு என்று சொல்லி அரைத்து வாங்குகிறவர்களுக்குக் கலப்பது ஒரு கைத்திறன் என்று தெரியும். ஷாம்பெயின் வட்டாரம் பிரான்சின் வடகிழக்கில், குளிரான பகுதியில் இருக்கிறது. ஒரு வருடம் வசந்த காலத்தில் உறைபனி விழுந்து துளிர் கருகிவிடும், இன்னொரு வருடம் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொள்ளும். ஜோசப் க்ரூக் 1843-இல் ரான்ஸ் நகரத்தில் தன் நிறுவனத்தைத் தொடங்கியபோது, வானிலை எப்படி இருந்தாலும் ஒவ்வொரு வருடமும் உயர்ந்த ஒயினைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அதற்காக இன்றுவரை ஒவ்வொரு தோட்டத் துண்டின் திராட்சையையும் தனித்தனியாகப் புளிக்க வைத்து, பழைய வருடங்களின் ஒயினையும் சேமித்து வைத்து, நூற்றுக்கணக்கான மாதிரிகளை ருசி பார்த்துத்தான் கலக்கிறார்கள். ஒவ்வொரு புதுக் கலவைக்கும் பதிப்பு என்று ஓர் எண் உண்டு. 168-ஆம் பதிப்பை எடுத்துக்கொண்டால், 2012 அறுவடையை அடிப்படையாக வைத்து 11 வெவ்வேறு வருடங்களின் 198 ஒயின்களைச் சேர்த்திருக்கிறார்கள், அதில் மிகப் பழையது 1996. கலப்பது மூன்று திராட்சை வகைகளின் ஒயின்: பினோ நுவார் வாயில் உணரும் கனத்தைக் கொடுக்கும், ஷார்டொனே புளிப்பையும் தெளிவையும் கொடுக்கும், மெனியே பழ வாசனையைக் கொடுக்கும். அப்புறம் ஈஸ்ட் வண்டலோடு நிலவறையில் வருடக்கணக்காகக் கிடக்கிறது, கிராண்ட் க்யூவேக்கு அது ஏறக்குறைய 7 வருடம். பின்பக்க லேபிளில் ஒரு 6 இலக்க எண் இருக்கும். அதை அவர்கள் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் உங்கள் பாட்டிலில் என்னென்ன கலந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சரி, பரிமாறுவது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், திருமண நாள் கொண்டாட வந்த ஒரு வயதான தம்பதிக்கு இதைக் கொடுத்தேன். ஐஸ் வாளியில் ஒரு மணி நேரம் கிடந்த பாட்டிலை அப்படியே எடுத்து, ஒல்லியான ஃப்ளூட் கிளாஸில் ஊற்றினேன். அந்தப் பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு, வெள்ளை ஒயினுக்கு வைத்திருக்கும் கிளாஸ் இரண்டு கொண்டு வரச் சொன்னார். அதில் மாற்றி ஊற்றிவிட்டுத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். இருபது நிமிடம் கழித்து என்னைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னார். நான் ஊற்றியபோது அதில் எலுமிச்சைத் தோல் வாசனை மட்டும்தான் இருந்தது. இப்போது வெண்ணெய் தடவி டோஸ்ட் செய்த பிரெட், வறுத்த ஹேசல்நட், தேன், காய்ந்த ஆரஞ்சுத் தோல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. அத்தனை வருட ஒயினையும் குளிர் பூட்டி வைத்திருந்தது. அன்றிலிருந்து நான் யாருக்கும் இதை ஜில்லென்று கொடுப்பதில்லை.

9 முதல் 12 டிகிரி வரை சரியாக இருக்கும். ஃபிரிட்ஜில் நாலு மணி நேரம் வைத்திருந்தால், திறப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வையுங்கள். அவசரமென்றால் பாதி ஐஸ், பாதி தண்ணீர் நிறைந்த வாளியில் அரை மணி நேரம். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் பாட்டிலோடு ஒட்டாது, லேட்டாகும். ஃப்ரீஸர் வேண்டவே வேண்டாம்.

கிளாஸ் வயிறு கொஞ்சம் அகலமாக, வாய் குறுகலாக இருக்க வேண்டும், சாதாரண வெள்ளை ஒயின் கிளாஸ் போதும். சோப்பு மிச்சம் ஒட்டியிருந்தால் நுரை செத்துவிடும், அதனால் வெந்நீரில் அலசிப் பருத்தித் துணியால் துடையுங்கள். துணியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இழைகள் கிளாஸில் ஒட்டிக்கொள்ளும், குமிழிகள் பெரும்பாலும் அந்த இழைகளிலிருந்துதான் கிளம்புகின்றன.

திறக்கும்போது கவனம் வேண்டும். பாட்டிலுக்குள் அழுத்தம் கார் டயரில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேலே. மேல்தாளை உரித்துவிட்டுக் கட்டைவிரலைக் கார்க் மேல் அழுத்தி வைத்துக்கொண்டே கம்பிக்கூட்டை ஆறு அரைச்சுற்று தளர்த்துங்கள், ஆனால் கழற்றாதீர்கள், கம்பியோடு சேர்த்தே கார்க்கைப் பிடியுங்கள். பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, யார் முகத்துக்கும் நேராக இல்லாமல் பார்த்துக்கொண்டு, கார்க்கை அசையாமல் இறுக்கி வைத்து, இன்னொரு கையால் பாட்டிலின் அடிப்பாகத்தைப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். கார்க் தானாகவே மேலே தள்ளிக்கொண்டு வரும், அப்போது அதை விடாமல் எதிர்த்து அழுத்தி வைத்திருந்தால் 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு மட்டும்தான் கேட்கும். டப்பென்று வெடிக்க வைப்பது சினிமாவுக்கு நன்றாக இருக்கும், ஆனால் நுரையோடு சேர்த்து நல்ல ஒயினும் தரையில் போய்விடும்.

ஊற்றும்போது கிளாஸைச் சாய்த்துப் பிடித்து அதன் சுவரில் வழிய விடுங்கள். ரான்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரார் லிஜே-பெலேர் குழு 2010-இல் அளந்து பார்த்ததில், இப்படி ஊற்றினால்தான் ஒயினில் வாயு அதிகமாகத் தங்குகிறது என்று தெரிந்தது. கிளாஸில் பாதிக்கும் குறைவாக ஊற்றினால் போதும், ஒரு பாட்டிலில் ஆறு பேருக்கு வரும்.

கேக்கோடு மட்டும் கொடுக்காதீர்கள், இனிப்புக்குப் பக்கத்தில் இது வெறும் புளிப்பாகத் தெரியும். காரமும் வேண்டாம், குமிழி பட்டு நாக்கு இன்னும் எரியும். பழைய கோம்தே சீஸ், வறுத்த கோழி, வெண்ணெயில் வதக்கிய காளான் எல்லாம் பொருந்தும். எனக்குப் பிடித்தது நெய்யில் வறுத்து உப்புத் தூவிய முந்திரி.

மிச்சமிருந்தால் ஷாம்பெயினுக்கென்றே விற்கும் இறுக்கமான மூடியைப் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், ஸ்பூனைப் பாட்டில் வாயில் தொங்கவிட்டால் வாயு போகாது என்பதில் உண்மை இல்லை. ஒரு கிளாஸ் அளவாவது வேண்டுமென்றே மிச்சம் வையுங்கள். மறுநாள் சாயங்காலம் நுரை கொஞ்சம் அடங்கியிருக்கும், ஆனால் அந்த டோஸ்ட் வாசனையும் தேனும் முதல் நாளைவிட அழுத்தமாக இருக்கும்.